மோவாபில் முதல் நாளே ஸ்லிக்ராக் வேண்டாம்

மவுண்டன் பைக், அதாவது கரடுமுரடான பாதைகளுக்கான சைக்கிள், ஓட்ட வருகிறவர்களில் பலரும் மோவாப் என்றாலே ஸ்லிக்ராக் பாதை என்று நினைத்துக்கொண்டுதான் வருகிறார்கள். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், கொலராடோ ஆற்றை ஒட்டி, ஐயாயிரத்துச் சொச்சம் பேர் வாழும் சிற்றூர் அது. 1950களில் யுரேனியத்தால் செழித்தது; அந்தத் தொழில் சரிந்தபின், 1980களில் மவுண்டன் பைக்கைப் பிடித்துக்கொண்டு மறுபடி எழுந்தது. ஊரிலிருந்து நாலைந்து கிலோமீட்டரில், சாண்ட் ஃபிளாட்ஸ் மேட்டில், வெறும் மணற்பாறைமேல் வெள்ளைப் பெயின்ட் கோடுகளால் குறித்த சுற்றுப்பாதைதான் ஸ்லிக்ராக். 1969இல் மோட்டார் சைக்கிள் ஓட்டுவதற்காகக் குறித்தார்கள். சைக்கிள் பின்னால் வந்தது. மொத்தம் 17 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. தூரத்தைப் பார்த்து ஒரு மணி நேரத்தில் முடித்துவிடலாம் என்று கிளம்புகிறவர்கள், மூன்று நாலு மணி நேரம் கழித்துத் தொடை நடுங்க, தண்ணீர்ப் பை வற்றித் திரும்புவதை அங்கே அடிக்கடி பார்க்கலாம்.

அதே இடத்தில் பயிற்சிச் சுற்று என்று மூன்று நாலு கிலோமீட்டருக்கு ஒரு குட்டிப் பாதையும் உண்டு. பெயர்தான் பயிற்சி. ஏற்றத்தின் செங்குத்தும் இறக்கத்தின் செங்குத்தும் பெரிய சுற்றில் இருக்கிற அதே அளவு. நீளம் மட்டுமே குறைவு. புதிதாக ஓட்டுகிறவர்கள் இந்தப் பெயரை நம்பிப் போய் முழங்கையைப் பெயர்த்துக்கொள்வதைத் தடுக்க ஒரே வழி, முதல் நாள் அந்தப் பக்கமே போகாமல் இருப்பதுதான். மோவாபில் பாதைகளுக்குப் பஞ்சமில்லை. வரிசையாக ஏறினால் நாலாவது நாள் ஸ்லிக்ராக் கைக்கு வந்துவிடும். வரிசையைத் தாண்டிக் குதித்தால் மிச்சமுள்ள நாட்களும் வீணாகும்.

பாதைத் தொடக்கத்துப் பலகைகளில் பச்சை வட்டம் எளிது, நீலச் சதுரம் நடுத்தரம், கறுப்புச் சாய்சதுரம் கடினம். இங்கே ஒரு எச்சரிக்கை வேண்டும். மற்ற ஊர்களில் நீலம் என்றால் மண் பாதையில் சில வேர்கள், சில கற்கள் என்றிருக்கும். மோவாபில் நீலம் என்றால் அரையடி, முக்காலடி உயரப் பாறைப் படிகள் வரிசையாக வரும். உங்கள் ஊரில் நீலத்தைச் சிரமமில்லாமல் ஓட்டுகிறவரானாலும் இங்கே முதல் பாதி நாளைப் பச்சையில் கழியுங்கள்.

தொடங்க வேண்டிய இடம்

ஊருக்கு வடக்கே, 191 நெடுஞ்சாலையில் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் போனால் மோவாப் பிராண்ட்ஸ் பாதைகள். கார் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, ஆற்றுப் பாலத்திலிருந்து நெடுஞ்சாலையை ஒட்டியே தார் போட்ட சைக்கிள் பாதை அதுவரை போகிறது. மாட்டுக்குச் சூடு போடும் குறிகளைப் போலப் பாதைகளுக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள்: பார் எம், சர்க்கிள் ஓ, ராக்கின் ஏ, பார் பி. ஆங்கில எழுத்துகளைச் சேர்த்தால் ஊர்ப் பெயர் வந்துவிடும்.

முதலில் ரஸ்டி ஸ்பர். சிறிய பாதை, பெரிய தடை எதுவும் இல்லை. ஒரு தடவை ஓட்டி முடித்துவிட்டு அடுத்ததற்கு ஓடாதீர்கள். மூன்று தடவை சுற்றுங்கள். முதல் சுற்றில் பெடலை மட்டும் கவனியுங்கள்: மிதிக்காமல் உருளும்போது இரண்டு பெடலும் தரைக்கு இணையாக இருக்க வேண்டும். ஒரு பெடல் கீழே தொங்கினால் அது பாறையில் இடிக்கும். மோவாபில் புதியவர்கள் விழுவதற்கு முக்கியமான காரணங்களில் இது ஒன்று. இரண்டாவது சுற்றில் கியர். ஏற்றம் தொடங்கி, மிதி கனத்தபின் கியரை மாற்றினால் செயின் திணறும், சில நேரம் அறும். ஏற்றத்துக்கு இரண்டு சைக்கிள் நீளம் முன்னாலேயே மாற்றிவிட வேண்டும். மூன்றாவது சுற்றில் கண். முன்சக்கரத்துக்கு நேர் கீழே பார்க்கிறவர் எந்தக் கல்லைப் பார்க்கிறாரோ அந்தக் கல்லிலேயே போய் இடிப்பார். ஐந்தாறு மீட்டர் தள்ளிப் பார்வை இருக்கட்டும்.

அடுத்து லேஸி, ஈஸி இரண்டும். அதன்பின் பார் எம் சுற்று, 12 கிலோமீட்டருக்குச் சற்று மேல். பழைய வண்டித்தடம் போல அகலமானது, அங்கங்கே பாறைப் பலகைகள் வரும். குழந்தைகளோடு வருகிறவர்களுக்கும் இதுவே சரியான பாதை. பத்து வயதுப் பிள்ளை சிரமமில்லாமல் ஓட்டும். பிள்ளைக்கு மட்டும் தனியாக ஒரு லிட்டர் தண்ணீர் வேண்டும்.

சர்க்கிள் ஓவை அங்கேயே இரண்டாவது நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். முழுக்கப் பாறைமேல் போகிற நீலப் பாதை. ஸ்லிக்ராக்கின் உணர்வு இதில் பாதி கிடைக்கும், ஆபத்து அவ்வளவு இல்லை. பாறையில் தடம் பதியாது என்பதால் பெயின்ட் குறியைத் தேடிக்கொண்டே போக வேண்டியிருக்கும். ஒரு குறியைத் தாண்டியதும் அடுத்த குறியைக் கண்ணால் பிடித்த பிறகே நகர்வது என்று பழகுங்கள். இரண்டு குறி காணவில்லை என்றால் வழி தப்பிவிட்டது என்று பொருள். முன்னால் தேடாமல் கடைசியாகப் பார்த்த குறிக்குத் திரும்புங்கள்.

ஆர்ச்சஸ், கேன்யன்லேண்ட்ஸ் தேசியப் பூங்காக்களைப் பார்க்க வந்து, ஒரு அரை நாள் மட்டும் சைக்கிளுக்கு ஒதுக்குகிற குடும்பங்களுக்கு டெட் ஹார்ஸ் பாயின்ட் நல்லது. அங்குள்ள இன்ட்ரெபிட் பாதைகள் கொலராடோ ஆறு 600 மீட்டர் கீழே வளைந்து ஓடுவதைப் பார்த்தபடி போகும். உயரமான இடம் என்பதால் ஊரைவிட வெயில் சற்றுக் குறைவு. ஆனால் அது மாநிலப் பூங்கா. தேசியப் பூங்கா அனுமதி அட்டை அங்கே செல்லாது, தனியாகக் கட்டணம் கட்ட வேண்டும். தேசியப் பூங்காக்களுக்குள் நடைபாதைகளில் சைக்கிளுக்கு அனுமதி கிடையாது, சாலைகளில் மட்டும்தான்.

நடுத்தர ஓட்டக்காரர்களுக்கு அடுத்த படி, 313 சாலையில் உள்ள நவாஹோ ராக்ஸ். பாறை, மண், மணல் மூன்றும் மாறி மாறி வரும். வடக்கே கிளாண்டைக் பிளஃப்ஸில் டைனோ ஃப்ளோ என்று ஒரு பாதை. பெயருக்கேற்ப அந்தப் பகுதியின் பாறையில் டைனோசர் காலடித் தடங்களே இருக்கின்றன. அவற்றின்மேல் சக்கரத்தை ஏற்றாமல் சைக்கிளை ஓரமாகப் படுக்க வைத்துவிட்டுப் பாருங்கள்.

பாறை சொல்லித்தருவது

ஸ்லிக்ராக் என்றால் வழுக்குப்பாறை. லாடம் அடித்த குதிரைகளுக்கும் இரும்புப் பட்டை போட்ட வண்டிச் சக்கரங்களுக்கும் அது வழுக்கியதால் வந்த பெயர். ரப்பருக்கு நேர்மாறு. ஜுராசிக் காலத்து மணல்மேடுகள் இறுகிப் பாறையானவை அவை. மேற்பரப்பு உப்புத்தாள் போலச் சொரசொரப்பாக இருக்கும். மண் பாதையில் ஏறமுடியாத சரிவை இங்கே டயர் கவ்விப் பிடித்து ஏறிவிடும்.

இதனால்தான் மற்ற இடங்களில் பழகிய கை இங்கே தடுமாறுகிறது. மண் ஏற்றத்தில் பின்சக்கரம் சுழன்று வழுக்கும், அதனால் உடல் எடையைப் பின்னால் வைக்கப் பழகியிருப்போம். பாறையில் பின்சக்கரம் வழுக்காது. சரிவு கூடக்கூட முன்சக்கரம் எழும்பும். சீட்டின் நுனிக்கு நகர்ந்து, மார்பை ஹேண்டில்பாருக்கு மேல் தாழ்த்தி, முழங்கைகளைக் கீழ்நோக்கி மடக்கி உட்காருங்கள். மிதி ஒரே சீராக இருக்கட்டும். வெட்டி வெட்டி மிதித்தால் ஒவ்வொரு வெட்டுக்கும் முன்சக்கரம் ஒரு விரல் தூக்கும், மூன்றாவது வெட்டில் திசை போய்விடும். மிகச் சிறிய கியரில் மிதித்தாலும் இதே கதிதான். அதற்கு அடுத்த கியர் பெரும்பாலும் சரியாக இருக்கும்.

பாதி ஏற்றத்தில் நின்றுவிட்டால் அங்கேயே மறுபடி ஏறி உட்கார முயலாதீர்கள். சைக்கிளைச் சரிவுக்குக் குறுக்காகத் திருப்பி, மேல்பக்கம் நின்று, தள்ளிக்கொண்டு இறங்கி அடியிலிருந்து தொடங்குங்கள். அல்லது மேலே தள்ளிச் செல்லுங்கள். தள்ளுவதில் யாருக்கும் வெட்கமில்லை, நன்றாக ஓட்டுகிறவர்களே தள்ளுகிற இடங்கள் அங்கே உண்டு.

இறக்கத்தில் சீட்டை முழுக்கத் தாழ்த்துங்கள். எடை கைகளில் இருக்கக் கூடாது, பாதங்களில் இருக்க வேண்டும். பின்னால் அளவுக்கு மீறித் தொங்குவது பரவலான தவறு: முன்சக்கரத்தில் எடை இல்லாமல் போனால் பிரேக்கும் பிடிக்காது, திருப்பமும் கிடைக்காது. முன்பிரேக்குக்குப் பயப்பட வேண்டாம். பாறையின் பிடிப்பில் வேகத்தை அடக்குகிற வேலையில் பெரும்பங்கு அதனுடையது. ஒரே ஒரு விரலால், மெதுவாக இறுக்கி, விடாமல் பிடித்திருங்கள். சரிவு முடிந்து தரை சமமாகும் அந்த மடிப்பு வருவதற்குச் சற்று முன் முன்பிரேக்கை விட்டுவிட வேண்டும். அந்த மடிப்பில் பிடித்தால் சைக்கிள் தலைகுப்புறக் கவிழும். சரிவில் நேராக இறங்குங்கள். குறுக்காக இறங்குவது பாதுகாப்பு மாதிரித் தோன்றும்; மேல்பக்கப் பெடல் பாறையில் தட்டி ஆளைக் கீழ்ப்பக்கம் தள்ளிவிடும். பெயின்ட் கோடு ஈரமாக இருந்தால் வழுக்கும், தூறலில் கோட்டுக்குப் பக்கத்தில் ஓட்டுங்கள்.

படிகள் வேறு பாடம். ஒரு படியில் ஏற, முன்சக்கரம் தொடுவதற்கு அரை மிதி முன்னால் ஹேண்டிலை லேசாக இழுத்து முன்சக்கரத்தை வையுங்கள். வைத்த கணத்தில் இடுப்பை முன்னால் கொண்டுவந்தால் பின்சக்கரம் தானாக ஏறும். முன்சக்கரத்தைத் தூக்கிவிட்டுப் பின்னாலேயே உட்கார்ந்திருப்பவர்களின் பின்சக்கர விளிம்புதான் நசுங்குகிறது. படி இறங்கும்போது அடி தெரியவில்லை என்றால் நின்று, இறங்கி, நடந்து போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். முன்னால் போனவர் எப்படி இறங்கினார் என்பது ஆதாரமில்லை, அவர் சைக்கிளின் சஸ்பென்ஷன் வேறாக இருக்கலாம்.

மணல் வந்தால் ஒன்றே ஒன்று: அதற்குள் நுழையும்போது வேகம் இருக்க வேண்டும். எடையைக் கொஞ்சம் பின்னால் தள்ளி, ஹேண்டிலைத் தளர்வாகப் பிடித்து, மிதித்துக்கொண்டே இருங்கள். திருப்ப முயன்றால் முன்சக்கரம் புதையும், முன்பிரேக் தொட்டால் நிச்சயம் விழுவீர்கள். மழைக்கு மறுநாள் மணல் இறுகியிருக்கும். வாரக்கணக்காக மழையில்லாதபோது அதே ஓடை மாவு போல ஆகிவிடும்.

கறுப்புப் பாதைகள்

கேன் கிரீக் சாலையில் தொடங்கும் ஹைமாசா வழியாக ஏறி, கேப்டன் அஹாப் வழியாக இறங்குவது ஒரு முழுமையான அரை நாள். அஹாப் ஒருவழிப் பாதை, இறங்க மட்டும். ஸ்லிக்ராக்கை ஒரு தடவையாவது பெரிதாகத் தள்ளாமல் முடித்தவர்களுக்கே இதைச் சொல்வோம்.

ஹோல் என்சிலாடா ஒரு நாள் முழுவதையும் விழுங்கும். லா சால் மலையில் சுமார் 3,400 மீட்டர் உயரத்தில் உள்ள பர்ரோ கணவாயைக் கடந்து, ஹசார்ட் கவுன்டி, கோகோபெல்லி, அப்பர் பார்க்குபைன், லோயர் பார்க்குபைன், பார்க்குபைன் ரிம் என்று ஒன்றன்பின் ஒன்றாக, ஆற்றங்கரையில் 1,200 மீட்டருக்கு வந்து சேரும். 40 கிலோமீட்டருக்கு மேல். மேலே ஷட்டில் வண்டியில் கொண்டுபோய் விடுவார்கள், ஆனாலும் இறக்கம் மட்டும்தானே என்று நினைக்காதீர்கள்: தொடக்கத்திலேயே கணவாய்க்கு ஒரு ஏற்றம் இருக்கிறது, அந்த உயரத்தில் மூச்சு வாங்கும். காலையில் மேலே அடிவாரத்தைவிடப் பதினைந்து டிகிரி குறைவாக இருக்கலாம். காற்று புகாத மேல்சட்டை ஒன்றைப் பையில் வையுங்கள். கணவாயில் பனி உருகப் பெரும்பாலும் ஜூலை ஆகிவிடும். அதற்கு முன் வருகிறவர்களை ஷட்டில்காரர்கள் பனி இல்லாத உயரம்வரை மட்டுமே கொண்டுபோவார்கள். கிளம்புவதற்கு முந்தைய நாள் மாலை கேட்டுக்கொள்ளுங்கள்.

இந்தப் பாதையில் விபத்துக்கு ஏதுவானது கடைசிப் பகுதி. காலையிலிருந்து ஓட்டிக் கை மரத்துப்போன நேரத்தில்தான் பார்க்குபைன் ரிம்மின் முடிவில் பாறை விளிம்பை ஒட்டிய ஒற்றையடித் தடம் வருகிறது. அதற்கு முன் இருபது நிமிடம் உட்கார்ந்து, உப்பும் இனிப்பும் சாப்பிட்டு, விரல்களை நீட்டி மடக்கிவிட்டுத் தொடருங்கள். பிரேக் பட்டை பாதிக்கு மேல் தேய்ந்திருந்தால் கிளம்பும் முன்னே மாற்றிவிட வேண்டும். நீண்ட இறக்கத்தின் சூட்டுக்கு உலோகக் கலவைப் பட்டை தாங்கும், ரெசின் பட்டை தாங்காது.

டயரும் நெருஞ்சியும்

மோவாபில் டயரைப் பஞ்சராக்குகிற முள்ளை அங்கே ஆட்டுத்தலை என்கிறார்கள். நமக்கு அது புதிதில்லை: நம் வரப்போரத்து நெருஞ்சிதான். கடல் கடந்து போய் அமெரிக்காவின் மேற்குப் பகுதி முழுவதும் பரவிவிட்ட செடி. பாறைமேல் அது இருக்காது. ஊருக்குள், கார் நிறுத்துமிடங்களின் ஓரத்தில், சாலை விளிம்பில் இருக்கும். ஆகவே பஞ்சர் பெரும்பாலும் பாதையில் ஏற்படுவதில்லை, காரிலிருந்து சைக்கிளை இறக்கிப் புல்லோரம் உருட்டும்போதே ஏறிவிடுகிறது. இறக்கிய சைக்கிளைத் தார் தரையிலேயே வையுங்கள்.

ட்யூப் போட்ட டயர் இங்கே ஒரு நாள் தாங்காது. ட்யூப் இல்லாத டயரில், 29 அங்குலத்துக்கு 2.4 அங்குல அகலம் என்றால், ஓட்டையைத் தானே அடைக்கும் சீலன்ட் திரவம் 100 முதல் 120 மில்லி ஊற்றுங்கள். வறண்ட காற்றில் சீலன்ட் சீக்கிரம் காயும், இரண்டு மாதத்துக்கு ஒருமுறை திறந்து பார்த்து ஊற்ற வேண்டும். முள் குத்தியிருப்பதைப் பார்த்தால் பிடுங்கிவிட்டு, ஓட்டை அடிப்பக்கம் வரும்படி சக்கரத்தைத் திருப்பி அரை நிமிடம் வையுங்கள், அடைத்துக்கொள்ளும். பாறையில் கிழிந்த பெரிய ஓட்டைக்குச் சீலன்ட் போதாது. ரப்பர்த் திரி சொருக வேண்டும்.

திரியும் பிடிக்கவில்லை என்றால் ட்யூப் போடத்தான் வேண்டும். அப்போதுதான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். சீலன்ட் அடைத்துவைத்த பழைய முட்கள் டயரின் உள்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும். புது ட்யூப் பத்து நிமிடத்தில் போய்விடும். ட்யூப் வைக்கும் முன் ஒரு துணியால் உள்பக்கம் முழுக்கத் துடைத்துப் பாருங்கள். துணி எங்கே மாட்டுகிறதோ அங்கே முள். விரலால் தடவாதீர்கள்.

காற்றழுத்தம் 75 கிலோ எடையுள்ளவருக்கு முன்சக்கரத்தில் 22, பின்சக்கரத்தில் 25 பி.எஸ்.ஐ. அளவில் தொடங்கலாம். படிகள் அதிகமுள்ள பாதைக்கு இரண்டு கூட்டுங்கள். வாடகைக் கடையில் 30க்கு மேல் அடித்துத் தந்தால் சைக்கிள் பாறையில் துள்ளும். அங்கேயே குறைக்கச் சொல்லுங்கள்.

பையில் பம்ப், ஒரு ட்யூப், திரி, கூட்டு ஸ்பேனர், செயின் இணைப்பு இரண்டு. இவற்றோடு, பின்சக்கரத்தில் கியர் மாற்றும் கருவியான டெரெய்லரைச் சட்டத்தோடு இணைக்கும் சின்ன அலுமினிய ஹேங்கர் ஒன்று கட்டாயம். பாறையில் தட்டினால் முதலில் வளைவது அதுதான். ஒவ்வொரு மாடலுக்கும் வெவ்வேறு வடிவம் என்பதால் வழியில் யாரிடமும் கடன் வாங்க முடியாது. செயினுக்கு மெழுகு வகை எண்ணெய் போடுங்கள். ஈரமான எண்ணெயில் செம்மணல் ஒட்டி அரைக்கும் பசையாகிவிடும்.

தண்ணீர், வெயில், இடி

பாதைகளில் குடிநீர் கிடைக்காது. வெயில் நாளில் மணிக்கு ஒரு லிட்டர் என்று கணக்கிடுங்கள். ஸ்லிக்ராக் சுற்றுக்கு மூன்று லிட்டருக்குக் குறையாமல். காற்று அவ்வளவு வறண்டது என்பதால் வியர்வை சட்டையை நனைக்காமலே உலர்ந்துபோகும். நமக்கு வியர்க்கவே இல்லை என்று தோன்றும். கன்னத்தில் உப்புப் படிந்திருந்தால் அதுதான் அடையாளம். வெறும் தண்ணீர் மட்டும் குடித்தால் தலை வலிக்கும், உப்புக் கலந்த பானம் பாதியாவது இருக்கட்டும்.

மார்ச் முதல் மே வரை, செப்டம்பர் நடுவிலிருந்து அக்டோபர் முடிய நல்ல காலம். ஈஸ்டருக்கு முந்தைய வாரம் ஜீப் திருவிழாக் கூட்டம். அறை கிடைக்காது, வண்டிகள் செல்லும் பாதைகளில் தூசி. ஜூலையில் 38 டிகிரியைத் தாண்டுவது சாதாரணம், விடியலில் தொடங்கிப் பத்து மணிக்குள் முடியுங்கள். கோடையின் பிற்பகுதியில் மதியத்துக்குமேல் இடிமழை திடீரென்று வரும். மேகம் கறுத்தால் மேட்டு விளிம்பைவிட்டு இறங்குங்கள், வறண்ட ஓடைக்குள் ஒதுங்காதீர்கள். உங்கள் தலைக்குமேல் துளிகூட விழாமல், மேலே பெய்த மழை ஓடையில் வெள்ளமாக வந்துவிடும். பல இடங்களில் செல்பேசிச் சமிக்ஞை கிடையாது. எந்தப் பாதை, எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று விடுதியில் சொல்லிவிட்டுப் போங்கள்.

இனி, பாதையோரத்து மண். கறுத்து, முடிச்சு முடிச்சாக, கருகிய பொருக்கு போலத் தெரியும். அது உயிருள்ளது. நீலப்பச்சைப் பாக்டீரியாக்களும் பாசிகளும் லைக்கன்களும் சேர்ந்து மணலைக் கட்டிப்பிடித்து வைத்திருக்கின்றன. காற்று மண்ணை வாரிக்கொண்டு போகாமல், செடி முளைக்க நைட்ரஜன் சேரும்படி செய்வது அதுதான். ஒரு சக்கரத் தடம் பட்டால் மீண்டு வரப் பல பத்தாண்டுகள் பிடிக்கும். படி கடினமாக இருக்கிறது என்று சுற்றிக்கொண்டு போகும் ஒருவரின் தடத்தில் அடுத்தவரும் போவார், ஒரு வார இறுதியில் அங்கே புதுப் பாதையே உருவாகிவிடும். ஓட்ட முடியாத படியில் இறங்கித் தூக்கிச் செல்லுங்கள். எதிரே ஏறி வருகிறவருக்கு வழிவிடும்போதும், படம் எடுக்க ஒதுங்கும்போதும், பாறைமேல் ஒரு காலை ஊன்றி அங்கேயே நில்லுங்கள்.